தவறினதுக்கும் ஒரு புள்ளி

அவுஸ்திரேலியாக்காரரின்ரை உந்தக் காற்பந்தை ஆர் கண்டுபிடிச்சதெண்டு எனக்குத் தெரியாது. ஆளைக் கண்டால் ரெண்டு கேள்வி கேக்கவேணும். பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கு? கோலுக்கு ஏன் நாலு கம்பம்? நடுவிலை ரெண்டு நெட்டைக் கம்பம், கரைகளிலை ரெண்டு கட்டைக் கம்பம். நெட்டைக் கம்பங்களுக்கு நடுவாலை பந்தை உதைச்சால் ஆறு புள்ளி. சரி, அது ஞாயம். அதைத் தவறவிட்டு, நெட்டைக்கும் கட்டைக்கும் இடையாலை போனால் அதுக்கும் ஒரு புள்ளி குடுக்கிறாங்கள். பிழைவிட்டதுக்குப் புள்ளி! நான் பள்ளிக்கூடத்திலை வலைப்பந்து விளையாடினனான். வளையத்துக்கை விழாத பந்துக்கு எங்கடை ரீச்சர் தந்தது பேச்சு மட்டுந்தான்.

வல்வெட்டித்துறையிலை குசினியும் கோயிலும் எண்டு கிடந்த என்னை இதெல்லாம் படிக்கவைச்சவள் என்ரை மருமகள், அண்ணையின்ரை ஒரே மகள். மெல்பேர்ணிலை பிறந்து வளந்தவள். இருபத்திரண்டு வயசு. மூண்டு வருசமா அங்கை ஒரு பொம்பிளையள் அணியிலை உந்தக் காற்பந்து விளையாடுறாள். தாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும், அண்ணைக்கு மட்டும் தெரியாது. அவர் நினைச்சுக்கொண்டிருந்தது அவள் வலைப்பந்து விளையாடுறாளெண்டு. சின்னவிரல் முறிஞ்சதும் வலைப்பந்தாலை, கண் வீங்கினதும் வலைப்பந்தாலை, முழங்காலிலை உள்ளங்கை அளவு தோல் போனதும் வலைப்பந்தாலை. உதென்ன வலைப்பந்தோ வாள்சண்டையோ எண்டு ஒரு நாளாவது யோசிச்சிருக்கவேணும். மனுசன் யோசிக்கேல்லை.

ஏன் சொல்லேல்லை எண்டால், அவள் தொடங்கின காலத்திலை ஒருக்கா ரீவியிலை உந்த விளையாட்டு நடந்திருக்கு. ஒருத்தன்ரை தோளிலை மற்றவன் முழங்காலை ஊண்டி ஏறிப் பந்து பிடிக்கிறதை அண்ணை பாத்திட்டார். "இது மனுசர் விளையாடுற விளையாட்டே? இதுக்கை பொம்பிளைப் பிள்ளையளையும் இறக்கிவிட்டிருக்கிறாங்கள். என்ரை வீட்டிலையிருந்து ஒருத்தி போனால் காலை முறிச்சுப்போடுவன்" எண்டு சொல்லிப்போட்டார். காலை முறிக்கிறதுக்கு அங்கை அவர் என்னத்துக்கு, விளையாட்டே முறிக்கும். ஆனா பிள்ளை பயந்திட்டாள். பயத்திலை சொன்ன ஒரு பொய்யை மூண்டு வருசமா நாங்கள் மூண்டு பேரும் தூக்கிச் சுமந்தம்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் கிழமை எனக்கு எடுத்துக் கதைச்சாள். "மாமி, எனக்குப் பொய் சொல்லிக் களைச்சுப் போச்சு. இந்தச் சனிக்கிழமை வெண்டால், கிண்ணத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு அப்பாட்டைச் சொல்லுவன். கிண்ணத்தைக் கண்டால் அவர் பேசமாட்டார். தோத்தால் இந்த வருசத்தோடை விட்டிடுறன். சும்மா தோத்துப்போய் வந்து நிண்டு சொல்ல எனக்கு ஏலாது."

"விசர்க்கதை கதையாதை" எண்டன். "கிண்ணத்துக்கும் கொப்பருக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு அப்பாவைத் தெரியாதோ மாமி?"

எனக்குத் தெரியாமல் வேறை ஆருக்குத் தெரியும்! ஊருக்கை ஆரின்ரை பிள்ளை என்ன பட்டம் எடுத்தது, என்ன பரிசு வாங்கினது எண்டு விரல்நுனியிலை வைச்சிருக்கிற மனுசன். அவள் சொன்னது சரிதான். அதாலை எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பெத்த தேப்பனோடை கதைக்கப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் வேண்டிக் கிடக்கு.

அந்த நேரம் பாத்து அண்ணை என்ரை வீட்டிலை. அப்பான்ரை திவசத்துக்கெண்டு வந்தவர். திவசம் முடிஞ்சும் போகேல்லை. ஏழரைச் சனி நடக்குதெண்டு ஒரு சாத்திரி சொல்லிப்போட்டான். புரட்டாதிச் சனிக்கு ஊர்க்கோயிலிலை எள்ளெண்ணெய் எரிச்சிட்டுத்தான் போறாராம். மெல்பேர்ணிலை கோயில் இல்லையோ எண்டு கேட்டன். இருக்காம், ஆனா ஊரிலை எரிக்கிற மாதிரி வராதாம். கோயிலாலை வந்து, காகத்துக்குச் சோறு வைச்சு, காகம் எடுத்தாப் பிறகுதான் அவர் வாயிலை வைப்பார். காகம் பிந்தினால் எனக்குப் பேச்சு. இந்தக் கூத்து வேண்டாமெண்டு என்ரை மனுசன் வெள்ளிக்கிழமையே கொழும்புக்குப் போட்டார். கெட்டிக்காரன்.

சனிக்கிழமை காலமை அண்ணை வேட்டியைக் கட்டிக்கொண்டு படலையாலை வெளிக்கிட்டார். அவர் சந்தி திரும்புறதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, ஓடிவந்து விறாந்தையிலை கதிரையைப் போட்டன். இஞ்சை காலமை எண்டால் அங்கை மத்தியானம் தாண்டிட்டுது. மச்சாள் மைதானக் கரையிலை நிண்டு எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தா. அண்ணையின்ரை மனுசி ஒரு வேலையையும் பதறாமல் செய்யமாட்டா. போனைப் பிடிச்ச பிடி அப்பிடி. பாதி நேரம் வானம், கால்வாசி நேரம் அவவின்ரை பெருவிரல், மிச்ச நேரத்திலை கொஞ்சம் புல்லு.

"மச்சாள், பிள்ளையைக் காட்டுங்கோ!"

"அங்கை ஓடுறாள், தெரியேல்லையோ?"

"எனக்கு முகில்தான் ஓடுது!"

ஒருமாதிரி போனை நிமித்திப் பிடிச்சா. எங்கடை அணி பச்சைச் சட்டை, மற்ற அணி மஞ்சள். மருமகளின்ரை முதுகிலை பத்தொன்பது. தலைமயிரை இறுக்கிப் பின்னிக் கட்டியிருந்தாள். ஆட்டத்தை நாலு துண்டாப் பிரிச்சிருக்கிறாங்கள்; ஒவ்வொரு துண்டு முடியவும் ரெண்டு அணியும் பக்கம் மாறும். முதல் துண்டிலை எங்கடை பிள்ளையள் மூண்டு கோல் அடிச்சினம். கோல் விழுந்தால் கம்பத்தடியிலை வெள்ளைக் கோட்டோடை நிக்கிற நடுவர் ரெண்டு கொடியை எடுத்து ஆட்டுவார். தவறினால் ஒரு கொடி. நான் முதல் பாதி முழுக்க ஒரு கொடிக்கும் எழும்பி நிண்டு கைதட்டிக்கொண்டிருந்தன். பிறகுதான் மச்சாள் சொன்னா அது தவறினதுக்கெண்டு. சொல்லுறதெண்டால் முதலே சொல்லவேணும்.

ரெண்டாம் துண்டிலை மஞ்சள்காரியள் கொஞ்சம் கிட்ட வந்தாளவை. மூண்டாம் துண்டிலை எங்கடை ஆக்களுக்கு என்ன பிடிச்சுதோ தெரியாது, பந்து மஞ்சள் பக்கத்தை விட்டு வெளியிலை வரவேயில்லை. மருமகள் ஒரு கோல் அடிச்சாள். ஓடிவந்து, ஒருத்தியை இடிச்சுத் தள்ளி, கீழை விழ விழக் காலாலை ஒரு தட்டு. பந்து ரெண்டு தரம் துள்ளி நடுவாலை போச்சு. ரெண்டு கொடி! நான் போட்ட சத்தத்திலை கிணத்தடியிலை நிண்ட காகம் பறந்திட்டுது. அந்தத் துண்டு முடியேக்கை நாங்கள் இருபத்தேழு புள்ளி கூட. இனி ஒரு துண்டுதான் மிச்சம்.

அந்த இடைவேளையிலைதான் என்ரை வாய் என்னைக் கெடுத்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலியாலை எட்டிப் பாத்தா. "என்ன சத்தம்? ஆருக்கும் ஏதுமோ?" நான் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை வந்திருக்கலாம். மூண்டு வருசமாப் பொத்திவைச்ச வாய், சந்தோசத்திலை திறந்திட்டுது. மருமகள் மெல்பேர்ணிலை இறுதி ஆட்டம் விளையாடுறாள், வெண்ட மாதிரித்தான், ஆனா அண்ணைக்குத் தெரியாது, ஆருக்கும் மூச்சு விடாதேங்கோ எண்டன். அக்கா தலையிலை கையை வைச்சு, "ஐயோ, நான் ஏன் சொல்லுறன்" எண்டா.

எங்கடை ஊரிலை ஒரு விசயத்தை உலகம் முழுக்கப் பரப்பவேணுமெண்டால் பேப்பரிலை போடத் தேவையில்லை. ஒராளிட்டை ஆருக்கும் சொல்லாதேங்கோ எண்டு சொன்னால் காணும். அக்கா அங்காலை திரும்பித் தங்கச்சிக்கு ரொறன்ரோவுக்கு எடுத்திட்டா. அங்கை நடுச்சாமம், ஆனா எங்கடை சனம் எங்கை நித்திரை கொள்ளுறது? தங்கச்சி லண்டனிலை இருக்கிற மச்சாளுக்குச் சொல்ல, அந்த மச்சாள் எங்கடை பெரியம்மாவின்ரை மகளுக்குச் சொல்ல, அவ எங்கடை குடும்பக் குறூப்பிலை போட்டிட்டா. நான் சொன்ன "வெண்ட மாதிரி"யிலை அந்த "மாதிரி" கடலுக்கை விழுந்திட்டுது. குறூப்பிலை வந்தது: மெல்பேர்ணிலை எங்கடை பிள்ளை கிண்ணம் வெண்டிட்டாள், வாழ்த்துக்கள். பக்கத்திலை ஆறேழு கிண்ணப் படம்.

இதொண்டும் எனக்குத் தெரியாது. நான் திரும்பி வந்து கதிரையிலை இருக்கேக்கை கடைசித் துண்டு தொடங்கிட்டுது, மஞ்சள்காரியள் ஒரு கோல் போட்டிட்டாளவை. ஒண்டுதானே எண்டு இருந்தன். கோல் விழுந்தால் பந்தை மைதான நடுவுக்குக் கொண்டுவந்து திரும்பத் தொடங்குவினம். தொடங்கின உடனை திரும்ப மஞ்சள் கையிலை. ஒரு உதை. அந்தப் பந்து எங்கடை பிள்ளையளின்ரை தலைக்கு மேலாலை போகுது, போகுது, போய்க்கொண்டே இருக்குது. ரெண்டாவது கோல். எங்கடை பெட்டையள் உதைச்ச பந்து எண்டால் பாதியிலை நிண்டு, செத்த கொக்கு மாதிரிச் செங்குத்தாய் விழுகுது. போன துண்டிலை பறந்த அதே பிள்ளையள், அதே பந்து! "என்னடி நடக்குது உங்களுக்கு, சோறு தின்னேல்லையோ?" எண்டு போனைப் பாத்துக் கத்தினன். மூண்டாவது கோல்.

மூண்டாவது கோலோடை படலை அடிச்சுச் சாத்தின சத்தம் கேட்டுது. அண்ணை. நெத்தி முழுக்கத் திருநீறு, கையெல்லாம் நல்லெண்ணெய் மணம், ஒரு கையிலை போன்.

"இதென்ன கிண்ணம்?" எண்டார்.

வலைப்பந்துக் கிண்ணமெண்டு சொல்லித் தப்பியிருப்பன், சத்தியமாச் சொல்லியிருப்பன். ஆனா அந்தக் கணத்திலை மச்சாள், வாழ்க்கையிலை முதல்தரமாப் போனை வடிவாப் பிடிச்சிருந்தா. மஞ்சள்காரி ஒருத்தி ஒரு பச்சைச் சட்டையை இடுப்பிலை கட்டிப்பிடிச்சுத் தூக்கி நிலத்திலை அடிச்சாள். விழுந்தவள் எழும்பி, புறங்கையாலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு திரும்ப ஓடினாள். சின்ன வயசிலையிருந்து விழுந்தெழும்பினால் அவள் செய்யிறது அதுதான். அழமாட்டாள், மூக்கைத் துடைப்பாள். அண்ணை குனிஞ்சு பாத்தார்.

"இவள் எங்கடை பெட்டையெல்லே! என்னடி இது?"

அந்தக் குரல் மெல்பேர்ணுக்குக் கேட்டிட்டுது. மச்சாள் "ஐயோ முருகா" எண்டா. போன் கட்டாச்சு.

பிறகு நடந்ததை என்னெண்டு சொல்ல. எத்தினை வருசமா எண்டார். மூண்டு எண்டன். அம்மா இருந்திருந்தால் இப்பிடி நடக்குமோ எண்டார். செத்துப்போன அம்மாவை ஏன் உதுக்கை இழுக்கிறியள் எண்டன். ஊருக்கெல்லாம் தெரியும், பெத்தவனுக்குத் தெரியாது, நான் என்ன மடையனோ எண்டு கத்தினார். எனக்கும் ஏறிட்டுது.

"உங்களுக்கு ஆர் சொல்லுறது? சொன்னால் காலை முறிப்பனெண்டு நிண்டால் ஆர் சொல்லுறது? அந்தப் பிள்ளை கிண்ணத்தோடை வந்துதான் உங்களோடை கதைக்கலாமெண்டு நினைச்சுக்கொண்டு அங்கை அடிபடுகுது. தோத்தால் விளையாட்டையே விடப்போறாளாம். அண்ணை, அவளுக்கு உங்களிட்டை வர நுழைவுச்சீட்டு வேண்டிக் கிடக்கு. உங்களுக்கு வெக்கமாயில்லையோ?"

நான் அவரை அப்பிடிப் பேசினது அதுதான் முதல்தரம். அவரின்ரை போன் நிறுத்தாமல் டிங், டிங் எண்டு அடிச்சுக்கொண்டிருந்தது. ரொறன்ரோ, லண்டன், நோர்வே. நோர்வேயிலை இருக்கிற சித்தப்பா, ஒரு கலியாணத்துக்கும் வாழ்த்துச் சொல்லாத கஞ்சன், "எங்கடை குடும்பத்துக்கே பெருமை" எண்டு எழுதியிருந்தார். அண்ணை அதை ரெண்டு தரம் வாசிச்சார். நான் பாத்தனான்.

பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இப்ப எவ்வளவு?" எண்டார்.

"என்ன எவ்வளவு?"

"புள்ளியடி, புள்ளி!"

"ஒன்பது கூட நிண்டது. இருபத்தேழிலை இருந்து இறங்கி இறங்கி ஒன்பது. இப்ப என்னவோ, ஆர் கண்டது? கத்திக் கட் பண்ணவைச்சது நீங்கள்."

"வெண்டிட்டாளெண்டு உலகமே வாழ்த்துது. தோத்தால் நான் இவைக்கெல்லாம் என்னெண்டு பதில் போடுறது? திருப்பி எடு."

எடுத்தன். மச்சாள் தூக்கேல்லை. திரும்ப எடுத்தன். மூண்டாந்தரம் தூக்கினா. முகம் பேயறைஞ்ச மாதிரி. "இஞ்சாருங்கோ அப்பா, நான் சொல்லவேணுமெண்டுதான்" எண்டு தொடங்கினா.

"உதைப் பேந்து பாப்பம். போனை அங்காலை திருப்பு. வானத்தைக் காட்டாதை."

திருப்பினா. நாலாவது கோலும் போயிருந்தது. மூண்டு புள்ளிதான் கூட. அண்ணை என்ரை கதிரையைப் பிடுங்கி இருந்தார். நான் பின்னாலை நிண்டன், என்ரை வீட்டிலை, என்ரை போனுக்கு. எத்தினை துண்டு, ஆர் எந்தப் பக்கம், நாலு கம்பம் ஏன் எண்டு ஒரே கேள்வி. எனக்கு அரைகுறையாத் தெரிஞ்சதை நான் சொல்ல, "சரியாச் சொல்லு" எண்டு அதட்டல் வேறை. திடீரெண்டு மைதானத்துக்குப் பின்னாலை நிண்ட மரங்களைக் காட்டினார்.

"உந்த மரத்தைப் பார். கொடியைப் பார். நல்ல காத்து. எங்கடை ஆக்களின்ரை முகத்திலையெல்லோ அடிக்குது. அதுதான் அவளவையின்ரை பந்து பறக்குது, எங்கடையள் விழுகுது. உவையள் ஏன் உயர உதைக்கினம்? விசருகளே!"

அப்பத்தான் எனக்கும் விளங்கினது. பக்கம் மாற மாறக் காத்தும் கை மாறியிருக்கு. அண்ணை சின்ன வயசிலை கடற்கரையிலை பட்டம் விடுறதிலை சூரன். தைப்பொங்கலுக்கு அவரின்ரை பட்டம் ஏறினால் மற்றப் பெடியள் நூலைச் சுத்திப்போடுவாங்கள். காத்தைப் பாக்கிறதெண்டால் விரலை நக்கி மேலை தூக்கிப் பிடிக்கிற பழக்கம். அண்டைக்கும் தூக்கினார். மெல்பேர்ணிலை அடிக்கிற காத்துக்கு என்ரை விறாந்தையிலை விரலைத் தூக்கிக்கொண்டு இருக்கிற மனுசனை நான் என்ன செய்ய? கும்பிட்டன், வேறை வழியில்லை.

அஞ்சாவது கோல். மஞ்சள் மூண்டு புள்ளி கூட. இருபத்தேழு புள்ளியைக் கொட்டி முடிச்சிட்டாளவை. அண்ணை மேசையிலை குத்தினார். "பத்தொன்பதுக்குப் போடுங்கோவன்! அவள் தனிய நிக்கிறாள், கண் தெரியேல்லையோ? உந்த நடுவர் எங்கை பாக்கிறான்?" பத்து நிமிசத்துக்கு முதல் காலை முறிக்க நிண்டவர்! காகம் கிணத்துக் கட்டிலை வந்து நிண்டு கத்துது. சோறு குசினியிலை மூடினபடி. சனீசுவரன் பசியோடை நிக்கிறார் எண்டன். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" எண்டார்.

முடியக் கொஞ்ச நேரம் இருக்கேக்கை ஆரோ பச்சை நீளமாய் உதைச்ச பந்தை மருமகள் எகிறி ஏந்திப் பிடிச்சாள். அப்பிடி ஏந்தினால் ஆரும் கிட்ட வராமல், நிண்டு நிதானமாக் கோலுக்கு உதைக்கலாம். ஆறு புள்ளி விழுந்தால் கிண்ணம் எங்களுக்கு. பெரிய தூரமும் இல்லை, ஆனா எதிர்க்காத்து. அவள் பின்னாலை நடந்து போனாள். மூக்கைத் துடைச்சாள்.

"தாழ" எண்டார் அண்ணை மெல்ல. பிறகு பெலத்து, "தாழ அடி! உயர விட்டால் காத்து பிடிக்கும்! அவளுக்குச் சொல்லு!"

இதை அவர் ஆருக்குச் சொன்னவரோ தெரியாது. மச்சாள் தனக்கெண்டு எடுத்திட்டா. மைதானம் முழுக்க மூச்சடக்கி நிக்க, ஒரு குரல், சுத்த வல்வெட்டித்துறைக் குரல்: "பிள்ளை! தாழ அடிக்கட்டாம்! அப்பா சொல்லுறார்!"

பந்து உயர எழும்பிச்சுது. வடிவாத்தான் நடுவாலை போற மாதிரிப் போச்சு. பிறகு காத்து அதைப் பிடிச்சு ஒரு திருப்புத் திருப்பிச்சுது. நெட்டைக் கம்பத்துக்கும் கட்டைக் கம்பத்துக்கும் இடையாலை போய் விழுந்தது. வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு கொடியை எடுத்தார். ஒரேயொரு கொடி.

சைரன் ஊதிச்சுது. ரெண்டு புள்ளியாலை தோல்வி. மச்சாள் கத்தினது அவள் உதைக்க முந்தியோ பிந்தியோ எண்டு அந்த வீட்டிலை இண்டைக்கும் சண்டை. நான் அதுக்கை தலையைக் குடுக்கிறேல்லை.

மஞ்சள்காரியள் ஒருத்திக்கு மேலை ஒருத்தி விழுந்து கத்துறாளவை. எங்கடை பிள்ளையள் நிண்ட நிண்ட இடத்திலை குந்திட்டினம். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. காத்திலை ஆத்திரம், பக்கத்து வீட்டிலை ஆத்திரம், மச்சாளின்ரை தொண்டையிலை ஆத்திரம். அண்ணையின்ரை போன் டிங் எண்டுது. ஆரோ திரும்பவும் ஒரு கிண்ணப் படம்.

கொஞ்ச நேரத்தாலை மருமகளின்ரை முகம் போனிலை வந்தது. கன்னத்திலை மண், கண் சிவப்பு. அண்ணையைக் கண்டிட்டுத் தலையைக் குனிஞ்சாள். "அப்பா... தோத்திட்டம்" எண்டாள். "நான் இனி..."

"ஏன் உயர அடிச்சனி?" எண்டார் அண்ணை.

அவள் நிமிந்து பாத்தாள்.

"எதிர்க்காத்துக்கு ஆரும் உயர அடிப்பினமே? ஒரு சின்னப் பட்டம் விடுற பிள்ளைக்குத் தெரியும். தாழ, காத்துக்குக் கீழாலை விடவேணும். உங்கடை தலைவிக்கும் மூளையில்லை. நாணயம் சுண்டேக்கை கடைசித் துண்டுக்குக் காத்து முதுகிலை அடிக்கிற பக்கமெல்லோ கேட்டிருக்கவேணும். அடுத்த முறை அதைக் கேக்கச் சொல்லு."

பின்னாலை மச்சாளின்ரை மூக்குறிஞ்சல் கேட்டுது.

"அடுத்த முறையோ அப்பா?" எண்டாள்.

"பின்னை? ரெண்டு புள்ளியாலை தோத்திட்டு ஆர் விடுறது?"

அவளுக்கு அப்பத்தான் அழுகை வந்தது, விழுந்தாலும் அழாத பிள்ளைக்கு. அதுக்கும் ஒரு பேச்சு விழுந்தது: "உதென்ன அழுகை? மூண்டு வருசமாப் பொய் சொன்னதுக்கு நான் வந்து வடிவாத் தாறன், அப்ப அழு." பிறகு முழங்காலைக் காட்டச் சொன்னார், கண்ணைக் காட்டச் சொன்னார், சின்னவிரல் நேராத்தான் பொருந்தினதோ எண்டு கேட்டார். என்ரை போனிலை, என்ரை டேற்றா முடியுமட்டும் கதைச்சினம். ஒரு "மாமி, நன்றி" இல்லை.

நான் காகத்துக்குச் சோறு வைக்கப் போனன். வேலியாலை பக்கத்து வீட்டு அக்கா ஒரு கோப்பை கேசரியை நீட்டினா. வெண்டதுக்காம். நான் பாத்த பார்வையிலை கோப்பையை வேலியடியிலை வைச்சிட்டு உள்ளுக்கை போட்டா. கேசரி நல்லாத்தான் இருந்தது.

திரும்பி வரேக்கை அண்ணை தன்ரை போனை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, ஒரு விரலாலை குத்திக் குத்தி எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதிறியள் எண்டன். சொல்லேல்லை. அந்தக் குறூப்பை அப்பிடியே விடுங்கோ, ரெண்டு நாளிலை சனம் மறந்திடும், ஏன் தோத்ததெண்டு போய்ச் சொல்லுறியள் எண்டன். பேசாமல் இரு எண்டார். கனநேரம் குத்தினார். பிறகு என்ரை போன் டிங் எண்டுது. எடுத்துப் பாத்தன்.

"எல்லாருக்கும் வணக்கம். வந்த செய்தி பிழை. கிண்ணம் வெல்லேல்லை. ரெண்டு புள்ளியாலை தோல்வி. எங்கடை அணிக்கு விழுந்த கடைசிப் புள்ளி என்ரை மகள் அடிச்சது."